இடது பக்கம் டிரில், வலது பக்கம் பப்பாளி

என் மகளுக்கு ஆறு வயது நடந்துகொண்டிருந்தபோது அவள் வாயில் இரண்டு சொத்தைப் பற்கள் இருந்தன. கீழ்வரிசையில் இடது கடைவாயில் ஒன்று, வலது கடைவாயில் ஒன்று. அதே பல், அதே இடம், ஏறக்குறைய அதே அளவு ஓட்டை. இரட்டைப் பிள்ளைகளுக்கு ஒரே மாதிரி சட்டை தைத்துப் போட்டதுபோல இருக்கும்.

தைத்துப் போட்டவன் நான்தான். அப்போது நாங்கள் திருவனந்தபுரத்தில், வலியசாலை அக்கிரகாரத்தில் வாடகைக்கு இருந்தோம். ஆபீஸ் விட்டால் சாலைக் கடைத்தெரு வழியாகத்தான் வீட்டுக்கு நடப்பேன். அங்கே ஒரு கடையில் சர்க்கரைவரட்டி புதிதாகக் கிடைக்கும். நேந்திரங்காயைத் தடிமனாக நறுக்கிப் பொரித்து, சுக்கு போட்ட வெல்லப்பாகில் புரட்டி எடுப்பது. மற்ற வீடுகளில் அதை ஓணத்துக்கு இலையில் வைப்பார்கள். எங்கள் வீட்டில் நான் வேலைக்குப் போன நாளெல்லாம் ஓணம். மகள் அதைக் கடிக்க மாட்டாள். கடித்தால் தீர்ந்துவிடுமே! ஒரு துண்டை இந்தக் கன்னத்திலும் ஒரு துண்டை அந்தக் கன்னத்திலும் ஒதுக்கிக்கொண்டு, வீட்டுப்பாடம் எழுதி முடிக்கும்வரை ஊறவைப்பாள். எந்தக் கன்னத்துக்கும் அவள் ஓரவஞ்சனை செய்ததில்லை.

ஒருநாள் காலை வலது பக்கப் பல்லில் குளிர்ந்த தண்ணீர் பட்டு வீலென்று கத்தினாள்.

"ஏன்னா, டாக்டர்கிட்ட காட்டணும்" என்றாள் என் மனைவி. அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்.

"பால் பல்தானே. தானா விழுந்துடும்" என்றேன்.

"எப்போ விழும்?"

"விழறபோது விழும்."

"கடவாப் பல்லு விழ பத்து, பதினோரு வயசாகும். அதுவரைக்கும் கொழந்தை ரசஞ்சாதத்தை உறிஞ்சிண்டே இருக்கட்டும்கறேளா?"

கணக்கு டீச்சரைக் கட்டிக்கொண்டவனுக்கு வாதம் செய்யும் வாய்ப்பு குறைவு. மேலும், எனக்குத் தயக்கம் மகளின் பல்லைப் பற்றி அல்ல என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும். என் வலது கடைவாயில் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே ஒரு குழி உண்டு. நான் இடது பக்கமாகவே மென்று தின்று ஒரு குடும்பத்தை நடத்திவந்தேன். முன்பு ஒருமுறை துணிந்து ஒரு பல் டாக்டரின் வாசல்வரை போனதுண்டு. உள்ளேயிருந்து டிரில் மெஷினின் கீச்சுக் குரல் கேட்டது. அடுத்து நினைவு வரும்போது நான் கிழக்கேகோட்டை பஸ் நிறுத்தத்தில் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தேன். செருப்பு டாக்டர் வாசலிலேயே தங்கிவிட்டது. அதைத் திரும்ப வாங்கப் போகவும் இல்லை. எப்படிப் போவது? அதே வாசலில் மெஷின் இருக்கிறதே!

மனைவிக்குப் பள்ளியில் பரீட்சை நேரம். லீவு கிடைக்காது. என் ஆபீஸில் நான் லீவு போட்டால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. ஆகவே நான்தான் கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்று முடிவானது. கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னாள்: "அங்க வாயத் தொறக்கவேண்டியது கொழந்தை. நீங்க இல்லை. புரிஞ்சுதா?"

ஒரு பல் மருத்துவக் கல்லூரி. அதில் குழந்தைகளுக்கென்று தனிப் பகுதி. சுவரெல்லாம் படம். தும்பிக்கையில் பிரஷ் பிடித்த யானை, வெள்ளைப் பல் காட்டும் முயல். நாற்காலிகள்கூட குழந்தை அளவுக்குத்தான். எங்களுக்கு வாய்த்த டாக்டர் ஓர் இளம்பெண், நாகர்கோவில்காரி, மேல்படிப்பு படித்துக்கொண்டிருந்தாள். "வா மக்ளே, ஆ காட்டு பாப்போம்" என்று மகளின் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்தாள். இடது பக்கம் பார்த்தாள். வலது பக்கம் பார்த்தாள். மறுபடி இடது பக்கம். லாட்டரிச் சீட்டையும் பேப்பரில் வந்த நம்பரையும் மாறி மாறிப் பார்க்கிறவர்களுக்கு முகம் எப்படி மாறுமோ அப்படி மாறியது.

"சார்! ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல இருக்கு!"

"ஆமாம்" என்றேன், ஏதோ நான் முயன்று செய்ததுபோல. ஒருவகையில் உண்மைதான்.

அவளுக்கு ஏன் அத்தனை சந்தோஷம் என்று பிறகு விளங்கியது. குழந்தைகளின் பால் பல்லில் சொத்தையை எடுப்பதில் எந்த முறை நல்லது என்று ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் அவள் படிப்பின் கடைசி வேலையாம். ஒரே குழந்தையின் வாயில் ஒரு பக்கம் டிரில்லால் எடுக்கவேண்டும். மறுபக்கம் பப்பாளிப் பாலிலிருந்து செய்த ஒரு ஜெல்லைத் தடவி, சொத்தை இளகினதும் மழுங்கின சின்னக் கரண்டியால் வழித்து எடுக்கவேண்டும். எது வலித்தது, எது எவ்வளவு நேரம் பிடித்தது, எதற்குப் பிள்ளை அடங்கி உட்கார்ந்தது என்று பார்க்கவேண்டும். இதற்கு ஒரே மாதிரி இரண்டு ஓட்டை உள்ள வாய் வேண்டும். அப்படி வாய் கிடைப்பது சுலபமல்ல. பெரும்பாலான பெற்றோர் ஏதாவது ஒரு பக்கத்தில் அசட்டையாக இருந்துவிடுகிறார்கள்.

"டிரில்லு வேகமா எடுத்துரும் சார். ஆனா அதுக்கு நல்ல பல்லும் ஒண்ணுதான், கெட்ட பல்லும் ஒண்ணுதான். ஜெல்லு அப்படி இல்ல. அழுகினதை மட்டுந்தான் இளக்கும். நல்லதத் தொடாது. என்ன, கொஞ்சம் நேரமாகும்."

"அழுகினதை மட்டும் எடுக்குமா?"

"ஆமா சார்."

"எங்க ஆபீஸுக்கு ஒரு டப்பா கிடைக்குமா? தடவினா ஒரு பியூனும் ரெண்டு மேஜையும்தான் மிஞ்சும்."

அவள் சிரித்துவிட்டு எக்ஸ்-ரேயை விளக்குக்கு நேராகப் பிடித்தாள். சிரிப்பு நின்றது. "இடது பக்கம் பிரச்சினை இல்ல. வலதுதான் நரம்புக்கு ரொம்பப் பக்கத்துல நிக்கி. இன்னும் ஒரு வாரம் தாங்கும். அதுக்கு மேல தள்ளிப் போட்டியன்னா நரம்பத் தொட்டுரும். தொட்டா வேர் சிகிச்சை பண்ணணும், இல்லேன்னா பல்லையே பிடுங்கணும். இந்த வயசுல பிடுங்கினா அடியில வரக்கூடிய பல்லு எடம் தெரியாம கோணிரும்."

எந்தப் பக்கத்துக்கு எந்த முறை, எது முதலில் என்பதை டாக்டரே தீர்மானிக்கக் கூடாதாம். காசு சுண்டித்தான் பார்க்கவேண்டுமாம். ஆராய்ச்சியில் இப்படியும் உண்டா என்று எனக்கு ஆச்சரியம். எங்கள் ஆபீஸில் இது அன்றாட வழக்கம்; ஆராய்ச்சி என்று பெயர் வைக்கத்தான் தோன்றவில்லை. என்னிடமிருந்து காசை வாங்கி மகளிடம் கொடுத்தாள். மகள் விட்டெறிந்த வேகத்தில் அது நாற்காலிக்கு அடியில் உருண்டுபோக, நான் நாலு காலில் தவழ்ந்து போய், தலையா பூவா என்று பார்த்து அங்கிருந்தபடியே குரல் கொடுத்தேன். இடது பக்கம் டிரில், இன்றைக்கே. வலது பக்கம் ஜெல், அடுத்த வாரம். டாக்டர் பெருமூச்சு விட்டாள். நரம்புக்கு அருகில் இருக்கிற பல்லுக்கு ஜெல் அமைந்தது அவளுக்கு நிம்மதி.

டிரில் சுற்றத் தொடங்கியது. அந்தக் கீச்சுச் சத்தம் கேட்டதும் எனக்குக் கால் வாசல் பக்கம் திரும்பியது. மகள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா, எனக்குப் பேடியா இருக்கு. அது என்ன சத்தம்?"

மலையாளப் பள்ளிக்கூடத்தில் படிக்கிற பெண். பயத்தை அவள் தமிழில் சொன்னதே கிடையாது. என் வாய் தானாகத் திறந்துகொண்டது. எனக்குப் பயம் வந்தால் வாயில் வேடிக்கைப் பேச்சாகத்தான் வரும். அது என் உடம்பு வாகு.

"அது ஆட்டோடீ. தம்பானூர் ஸ்டேஷன்லேர்ந்து வரது. உன் பல்லுல ஒரு சவாரி எறங்கணுமாம்."

"ஆரு?"

"ஒரு சர்க்கரைவரட்டி. நாகர்கோவில் பாசஞ்சர்ல வந்து எறங்கியிருக்கு. கையில பெரிய பொட்டி. டிரைவர், மீட்டர் போட மாட்டேங்கறான். சண்டை நடக்கறது. சாரே, அந்த மூலையில நிறுத்துங்கோ! இல்ல, இன்னும் கொஞ்சம் உள்ள! அய்யய்யோ, ரோட்டுல தண்ணி பீச்சறாளே, பைப்பு ஒடஞ்சு போச்சு!"

மகள் வாயைப் பிளந்தபடியே குலுங்கிச் சிரித்தாள். டாக்டர் சட்டென்று கையை எடுத்தாள். "சார், சிரிக்க வைக்காதீங்க. கை விலகிரும்." நான் குரலைத் தணித்துக்கொண்டேன். ஆனால் நிறுத்தவில்லை, நிறுத்தினால் சத்தம் என் காதில் விழுந்துவிடும். கண்ணை இறுக மூடி, சுவரில் இருந்த யானையின் தும்பிக்கைமேல் கையை வைத்துக்கொண்டு, அந்த ஆட்டோவைச் சந்து சந்தாக ஓட்டினேன். சர்க்கரைவரட்டி இறங்கி, பேரம் பேசி, லாட்ஜில் அறை எடுப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது.

டாக்டர் ஓர் அட்டையை எடுத்தாள். வாய் நிறையச் சிரிக்கும் முகத்தில் தொடங்கி, கண்ணீர் வழியும் முகம்வரை வட்ட வட்டமாக வரைந்திருந்தது. "இப்ப உனக்கு எப்படி இருந்துன்னு ஒரு மூஞ்சியத் தொட்டுக் காட்டு மக்ளே." மகள் யோசிக்கவே இல்லை. வாய் நிறையச் சிரிக்கும் முகத்தின்மேல் விரலை வைத்து அழுத்தினாள்.

டாக்டரின் முகம் அட்டையின் மறுகோடியில் இருக்கிற முகத்தைப்போல ஆனது. "சார், டிரில்லுக்கு இந்த மூஞ்சிய ஒரு பிள்ளையும் இதுவரைக்கும் காட்டினதில்ல."

"குழந்தைக்கு நல்லதுதானே?"

"பிள்ளைக்கு நல்லதுதான். நான் ஒப்பிட்டுப் பாக்கது டிரில்லையும் ஜெல்லையும் சார். இதுல உங்கள எந்தப் பக்கம் சேக்கது?" இதற்கு நான் பதில் யோசிப்பதற்குள், "அடுத்த வாரம் நீங்க வெளிய இருக்கணும் கேட்டியளா?" என்று சொல்லிவிட்டாள்.

இதோடு நின்றிருந்தால் எல்லாம் ஒழுங்காக நடந்திருக்கும். பஸ்ஸில் வரும்போது எனக்கு யோசனை வந்தது. எனக்கு யோசனை வருகிற நாட்களை மனைவி காலண்டரில் தனியாகக் குறித்து வைக்கலாம். அழுகினதை மட்டும் இளக்கும், நல்லதைத் தொடாது, டிரில் வேண்டாம், சத்தமில்லை. அதற்குப் பப்பாளிப் பால். எங்கள் வீட்டுக் கொல்லையில், கிணற்றை ஒட்டி, யாரும் நடாமலே ஒரு பப்பாளி மரம் வளர்ந்து, காயும் காயுமாக நின்றுகொண்டிருந்தது. என் வாயில் ஒரு குழி. கொல்லையில் மருந்து. நடுவில் டாக்டர் எதற்கு?

மனைவி இன்னும் பள்ளியிலிருந்து வரவில்லை. காயை ஆணியால் கீறியதும் வெள்ளை வெளேரென்று பால் சொட்டியது. அதை ஒரு கரண்டியில் பிடித்து, தீக்குச்சியில் பஞ்சு சுற்றி, நனைத்து, கிணற்றடியில் மாட்டியிருந்த சவரக் கண்ணாடியைப் பார்த்தபடி குழிக்குள் வைத்தேன். கொஞ்சம் கசப்பு. வேறொன்றும் இல்லை. அவ்வளவுதானா என்று இருந்தது. நோயாளி ஒத்துழைப்பு நன்று என்று எனக்கு நானே மார்க்கும் போட்டுக்கொண்டேன். ஆராய்ச்சியில் நேரம் முக்கியம் என்று கேட்டிருந்ததால் ஒன்று, இரண்டு என்று எண்ணவும் தொடங்கினேன். எண்ணுவதற்கு வாய் அசையவேண்டியிருக்கிறது. வாய் அசைந்தால் பஞ்சு அசைகிறது. பஞ்சு அசைந்தால் பால் உதட்டோரம் வழிகிறது. வழிந்ததை நாக்கால் துழாவித் துடைத்தேன். பிறகு கையால் துடைத்தேன். பிறகு துடைத்த கையாலேயே மறுபக்கத்து உதட்டையும் துடைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் அரிக்க ஆரம்பித்தது. அப்புறம் எரிச்சல். அப்புறம் கிணற்றிலிருந்து நான் தண்ணீர் இறைத்த வேகத்தைப் பார்த்தவர்கள் எங்கேயோ தீப்பிடித்துவிட்டதென்று நினைத்திருப்பார்கள். மனைவி வந்தபோது என் கீழுதடு எனக்கு முன்னால் போய் அவளை வரவேற்றது. நாக்கு நுனி வெந்துபோயிருந்தது. குழி மட்டும் பழையபடி, எந்தச் சேதாரமும் இல்லாமல், அப்படியே இருந்தது.

"என்னன்னா இது!"

"ஹஹ்ஹாளி" என்றேன். வீங்கின உதட்டால் பப்பாளி என்று சொல்ல முடியவில்லை.

அவள் கரண்டியைப் பார்த்தாள், தீக்குச்சியைப் பார்த்தாள், கீறின காயைப் பார்த்தாள். விவரம் கேட்கவேண்டிய அவசியமே ஏற்படவில்லை. கூட்டிப் பார்த்து விடை போட்டுவிட்டாள். "ஒங்க மூஞ்சிக்கு இதுவரைக்கும் இல்லாத ஒரு குறை இதுதான். அதுவும் வந்தாச்சு." பக்கத்தில் இருந்த டாக்டரிடம் ஓடி மாத்திரை வாங்கி வந்ததும் அவள்தான்.

மகள் இதையெல்லாம் தூணோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கிட்டே வந்து உதட்டை ஒரு விரலால் அழுத்தினாள். "அப்பா, பப்பாளியா இப்படிப் பண்ணிடுத்து?"

தலையை ஆட்டினேன்.

"அந்த டாக்டர் ஆன்ட்டி எனக்குப் போடறேன்னதும் பப்பாளிதானே?"

மனைவி என்னைப் பார்த்த பார்வைக்கு எந்த டிரில்லும் தேவலை.

அன்றையிலிருந்து ஒரே பாட்டு. "எனக்கு டிரில் மதி. பப்பாளி வேண்டா." உலகத்தில் வேறெந்த வீட்டிலாவது ஒரு குழந்தை டிரில் வேண்டும், டிரில் வேண்டும் என்று காலை உதைத்து அழுதிருக்குமா, தெரியாது. அது வேற பப்பாளி, டாக்டர் பக்குவம் பண்ணின பப்பாளி என்று மனைவி சொல்லிப் பார்த்தாள். நானும் ஒரு கதை சொல்லப் போனேன். கதை சொல்லுகிறவன் மூஞ்சி அந்த நிலையில் இருந்தால் யார் நம்புவார்கள்? வலது பக்கம் எதுவும் மெல்லக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் சோறு ஊட்டினோம். ஒவ்வொரு தடவை அவள் கன்னத்தைப் பிடித்துக்கொள்ளும்போதும், நரம்பைத் தொட்டுவிட்டதோ என்று டார்ச் அடித்து வாய்க்குள் பார்ப்பேன். வேடிக்கைப் பேச்சும் வரவில்லை. உதடு வீங்கியதால்தான் என்று வீட்டில் நினைத்துக்கொண்டார்கள்.

குறித்த நாளில் போய்ச் சேர்ந்தோம். வீக்கம் வடிந்திருந்தது, தோல் மட்டும் உரிந்துகொண்டிருந்தது. டாக்டர், "சார், ஒதட்டுக்கு என்ன ஆச்சு?" என்றாள். நான் வாய் திறப்பதற்குள் மகள் மரம், ஆணி, கரண்டி, தீக்குச்சி என்று ஒன்றுவிடாமல் மலையாளமும் தமிழுமாகச் சொல்லி முடித்தாள். டாக்டர் முகமூடியைக் கீழே இழுத்துவிட்டு என்னையே பார்த்தாள். சிரிப்பதா, திட்டுவதா என்று அவளுக்குத் தீர்மானமாகவில்லை.

"சார், பச்சைப் பாலு தோலையே அரிச்சு எடுத்துரும். இது மருந்துக்குண்டான அளவுல கலந்து பண்ணினது. ரெண்டும் ஒண்ணா?"

"இப்போ தெரியறது" என்றேன்.

மகள் நாற்காலியில் ஏறினாள். ஆனால் வாய் திறக்கவில்லை. "டிரில்லுன்னா தொறக்கறேன்."

டாக்டர் என்னைச் சற்றுத் தள்ளிக் கூட்டிப்போய்த் தணிந்த குரலில் பேசினாள். "இந்தப் பல்லுல டிரில்லு வைக்க எனக்குத் தைரியம் இல்ல சார். நரம்புக்கு மேல தாள் கனத்துக்குத்தான் மிச்சம் இருக்கும். பிள்ளை ஒரு தடவ ஆடினாப் போதும், உள்ள எறங்கிரும். என் படிப்பு கிடக்கட்டும், இவ பேர எடுத்துரலாம். ஆனா பல்ல இன்னிக்கு எப்படியும் பாக்கணும். கையக் கால அமுக்கிப் பிடிச்சு நான் ஒரு பிள்ளைக்கும் பாக்க மாட்டேன்."

திரும்பி வந்து ஜெல்லைத் தன் விரலிலேயே ஒரு சொட்டு வைத்துக் காட்டினாள். "பாத்தியா மக்ளே, அக்காவுக்கு ஒண்ணும் பண்ணல."

"வெரல்ல இல்ல. அப்பாக்குப் பல்லுலதான் ஆச்சு."

"அப்போ அக்கா பல்லுல வைக்கட்டுமா?"

மகள் யோசித்தாள். "அப்பா பல்லுல."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று நானும் திரும்பிப் பார்த்தேன். முயல்தான் இருந்தது.

"இது பிள்ளைகளுக்குள்ள எடம் சார். எங்க கைடு மேடம் பாத்தா எனக்கு நல்லா ஏச்சு கிடைக்கும்" என்றாள் டாக்டர். அப்பாடா என்று இருந்தது. அடுத்த நொடியே, "செரி, சட்டுனு ஏறி உக்காருங்க" என்றுவிட்டாள்.

குழந்தை நாற்காலியில் என்னைச் செருகினார்கள். அப்படித்தான் சொல்லவேண்டும். முழங்கால் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் வந்தன. தலை வைக்கிற இடம் முதுகில் குத்தியது. டாக்டர் வாய்க்குள் விளக்கை அடித்து, குனிந்து எட்டிப் பார்த்தாள்.

"எத்தனை வருசமா சார் இது?"

"கல்யாணத்துக்கு முன்னாடிலேர்ந்து."

"வாடகைக்கு விட்டிருக்கலாமே."

மகள் ஒரு முக்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து அதன்மேல் ஏறி நின்றாள். டாக்டரிடமிருந்து ஒரு முகமூடி கேட்டு வாங்கி, மூக்கு வெளியில் தெரிய மாட்டிக்கொண்டாள். "ஆ காட்டு. இன்னும் பெரிசா. கைய மடியில வெச்சுக்கோ. அனங்கப்படாது, ஆடப்படாது." வலித்தால் இடது கையைத் தூக்கவேண்டும் என்று டாக்டர் சொன்னாள். ஜெல் குழாய் மூடியைத் திறப்பதற்குள் என் கை தூக்கியாகிவிட்டது.

ஜெல் பட்டது. குளிர்ச்சி, அவ்வளவுதான். கொஞ்ச நேரம் சும்மா விட்டுவிட்டு, கரண்டியால் மெல்ல வழித்தாள். மண்டைக்குள் யாரோ அடிப்பிடித்த பாத்திரத்தைச் சுரண்டுவதுபோலச் சத்தம். வலியா என்றால் இல்லை. ஆனாலும் என் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

"வலிக்கறதா?" என்றாள் மகள்.

தலையை ஆட்டி இல்லை என்றேன்.

"பொய் சொல்லாதே. பின்னெ எதுக்குக் கரையறே? கண்ணுல தண்ணி வரதே."

டாக்டர் கரண்டியை வெளியே எடுத்தாள். ஏதாவது வேடிக்கையாகச் சொல்லிச் சமாளிக்கலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். ஒன்றுமே வரவில்லை. "பயமா இருக்குடீ" என்றேன்.

மகள் முகமூடியைக் கீழே இறக்கினாள். என்னை இதற்குமுன் பார்த்தே இராதவள்போலப் பார்த்தாள். "ஒனக்கா?"

"எனக்குத்தான். ரொம்ப வருஷமா."

"கண்ணை மூடிண்டா ஜாஸ்தியாகும்" என்றாள், ரொம்ப அனுபவப்பட்டவள்போல. "என்னைப் பாரு. ஆன்ட்டி, இனி பண்ணிக்கோங்கோ."

நான் அவளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கரண்டி இன்னும் ரெண்டு தடவை சுரண்டியது. பிறகு மகள் விளக்கைத் தன் பக்கம் இழுத்து, என் உதட்டைப் பிதுக்கி, நாக்கை நீட்டச் சொல்லி, பழைய புண்ணைத் தவிரப் புதிதாக எதுவும் இல்லை என்று சோதித்துப் பார்த்தாள். அவசரப்படவில்லை, வீங்குவதற்கு நேரம் பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும், கூடவே இருந்து பார்த்தவளாயிற்றே. கடைசியில் என் தோளைத் தட்டினாள். "எறங்கு. இனி நான்."

நாற்காலியிலிருந்து என்னைப் பிடுங்கி எடுக்க டாக்டர் கை கொடுக்கவேண்டியிருந்தது.

என்னை வெளியே அனுப்பும் பேச்சை அதற்கப்புறம் யாரும் எடுக்கவில்லை. ஆனால் மகள் ஒரு நிபந்தனை போட்டாள்: "நீ இருக்கலாம். பேசப்படாது." நான் முக்காலியில் வாய்மூடி உட்கார்ந்தேன். டாக்டர் ஜெல்லை வைத்தாள், காத்திருந்தாள், வழித்தாள், பஞ்சால் துடைத்தாள். ஜெல் கலங்கிப்போய் வந்தது. மறுபடி வைத்தாள், காத்திருந்தாள், வழித்தாள். மறுபடி. டிரில் என்றால் இதற்குள் நாங்கள் வலியசாலைக்கே போய்ச் சேர்ந்திருப்போம். சத்தம் எதுவும் இல்லாததால் என் மூச்சு எனக்கே கேட்டது. ஒருமுறை மகள் சற்று அசைந்தாள்; டாக்டரின் கை அந்தரத்தில் நின்றது. "ஒண்ணும் இல்ல மக்ளே. இன்னும் கொஞ்சந்தான்" என்று கை மறுபடி இறங்கியது.

கடைசியாக வைத்த ஜெல் கலங்கவே இல்லை. "பாத்தியளா சார், தெளிஞ்சு கிடக்கு" என்று விளக்கைச் சாய்த்துக் காட்டினாள். "இனி உள்ள அழுகினது ஒண்ணும் இல்ல. நரம்பையும் தொடல. பல்லு பொழச்சிட்டு." முகமூடிக்குள் அவள் விட்ட மூச்சில் அது பலூன்போல உப்பி அடங்கியது. வெள்ளைச் சிமெண்டைக் குழைத்து ஓட்டையை அடைத்து, கடிக்கச் சொன்னாள். மகள் கடித்தாள். நானும் கூடவே கடித்தேன்.

அட்டையை நீட்டினாள் டாக்டர். மகள் இந்தத் தடவை நிறைய யோசித்தாள். சிரிப்பும் இல்லாமல் அழுகையும் இல்லாமல், கோடு போட்டதுபோல வாய் உள்ள நடு முகத்தைத் தொட்டாள்.

"வலிச்சுதா மக்ளே?"

"வலிக்கல. போரடிச்சுது. டிரில்லு வேகம் தீர்ந்துது."

டாக்டர் தலையில் கையை வைத்துக்கொண்டாள். "சார், என் மேடம் கேட்டா நான் என்ன சொல்ல? டிரில்லுக்குச் சிரிப்பு, ஜெல்லுக்கு இது."

"அப்பா இல்லாத குழந்தைகளாப் பாத்துத் தேர்ந்தெடுத்திருக்கணும்னு சொல்லுங்கோ."

"ஒங்களுக்கே தனியா ஒரு பக்கம் எழுதணும்" என்றாள். ஆனால் மகள் தொட்ட முகத்தைத் தொட்டபடியே குறித்துக்கொண்டாள். அதில் ஒரு மாற்றமும் செய்யவில்லை.

நான் கும்பிடு போட்டுவிட்டு, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு கதவுப்பக்கம் திரும்பினேன்.

"சார், நில்லுங்க. ஒங்க பல்லக் கொஞ்சம் தோண்டி விட்டாச்சு. அப்படியே விட்டா அடிக்கிற வலியில தூங்க மாட்டிய. பெரியவங்களுக்கு மேல மாடியிலதான். சீட்டு எழுதித் தாறேன்."

"நாளைக்கு வரேனே. இன்னிக்கு ஆபீஸ்ல..."

"இன்னிக்கு" என்றாள் மகள். அவள் அம்மாவின் குரல் அப்படியே இருந்தது.

மாடிப்படி ஏறும்போதே அந்தச் சத்தம் கேட்டது. ஒன்றல்ல, வரிசையாக நாலைந்து மெஷின். மகள் என் சுண்டுவிரலைப் பிடித்து, படிக்கு ஒருமுறை நின்று நின்று, இழுத்துக்கொண்டு போனாள். மேலே நீளமான பெஞ்சு, அதில் தாடையைப் பிடித்துக்கொண்டு வரிசையாக ஆட்கள். வாசலில் சீட்டு வாங்குகிற சேச்சி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "ஆர்க்கா மோளே?" என்றாள்.

"அப்பாக்கு" என்றாள் மகள், அந்த வராந்தா முழுக்கக் கேட்கும்படி. "அப்பா கரையும். வேகம் கூப்பிடணும், கேட்டோ."

பெஞ்சில் முதலில் உட்கார்ந்திருந்த பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். மெதுவாக எழுந்து, தன் முறையை எனக்கு விட்டுக்கொடுத்தார். வேண்டாம், வேண்டவே வேண்டாம், நீங்களே போங்கள் என்று இரண்டு கையையும் கூப்பி உண்மையாகவே கெஞ்சினேன். அவர் அதை மரியாதை என்று நினைத்து, இன்னும் வற்புறுத்தி, தோளைப் பிடித்து என்னை உள்ளே அனுப்பிவைத்தார்.